தொய்ந்துபோன கிளட்ச்

ஆட்டையாம்பட்டிக் கடைவீதியில் முறுக்கு வாங்க நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்து போனால் கிளட்சின் நிலைமை தெரிந்துவிடும். நாமக்கல் ரோட்டில் டாப் கியரில் ஓடும்வரை ஒளிந்திருந்த கோளாறெல்லாம் இங்கே வெளியே வரும். பெடல் பாதி தூரம் சும்மா இறங்கும். ரிவர்ஸ் கியர் கரகரக்கும். இரண்டு தடவை மிதித்தால்தான் கியர் விழும். உடனே பலரும் 'கிளட்ச் பிளேட் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்' என்று முடிவு கட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவாகும் அந்த வேலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஹைட்ராலிக் பாகங்களை.

உங்கள் காரில் அவை இருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. மாருதி 800, ஆல்டோ போன்றவற்றில் கிளட்சை இழுப்பது கேபிள். அதற்கு வைத்தியமே வேறு. ஹைட்ராலிக் வண்டியில், பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் ஆயிலை அழுத்துகிறது. குழாய் வழியாகப் போகும் அந்த அழுத்தம் கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளி கிளட்சை விடுவிக்கிறது. கடைகளில் இவற்றை அப்பர், லோயர் என்றும் கேட்பார்கள்.

ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தால் எப்படி இருக்குமோ, குழாய்க்குள் காற்று புகுந்த கிளட்ச் அப்படித்தான் இருக்கும். உங்கள் காலின் உழைப்பில் ஒரு பங்கு காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும்.

பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் உள்ளுக்குள் ஆயிலைக் கசியவிடுகிறது என்று சந்தேகப்படலாம். பெடலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் ஆயில் சொட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் பெடல் தொய்யாமல், மிதிக்கவே கனமாக இருக்கிறதென்றால் கதை வேறு. பெரும்பாலும் அது பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் பக்கத்துக் கோளாறு. சிலிண்டர் மாற்றினால் தீராது.

வாஷர் கிட் மட்டும் போட்டால் பணம் மிச்சம்தான். ஆனால் சிலிண்டரின் உட்சுவரில் கீறலோ அரிப்போ இருந்தால் புது வாஷரும் சீக்கிரமே கிழியும். என் கட்சி, முழு சிலிண்டரையே மாற்றிவிடுவது. அதிலும் இரண்டையும் ஒன்றாக. ஒரே வயதுடையவை, ஒன்று போனால் அடுத்தது வரிசையில் நிற்கிறது. உப்பிப்போன பழைய ரப்பர் ஹோஸ் இருந்தால் அதையும் கழற்றிவிடலாம். 1962இல் சென்னையில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் இந்தப் பாகங்களைச் செய்கின்றன. எந்தப் பெயரானாலும் உங்கள் மாடலுக்கான அளவு சரியாக இருக்க வேண்டும். 'பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் கிளட்ச் ஷார்ப்பா இருக்கும்' என்ற யோசனையை நம்ப வேண்டாம். விட்டம் 5/8 அங்குலத்திலிருந்து 3/4 அங்குலமானால் பெடல் பயணம் குறையும், மிதிக்க வேண்டிய பலமோ 44 சதவீதம் கூடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அந்தக் காலோடு ஏறிப் பாருங்கள்.

ஃபோர்டு, செவர்லே கார்கள் பலவற்றில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே, ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து இருக்கும். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆகவே கிளட்ச் செட் மாற்றும் நாளில் இதையும் மாற்றாமல் மூடுவது வீண் சிக்கனம்.

ஆயிலைப் பொறுத்தவரை, ஆயில் டப்பாவின் மூடியில் அச்சிட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 தவிர வேறு எதுவும் கூடாது. அவசரத்துக்கு ஊற்றும் இன்ஜின் ஆயில் வாஷர்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155தான். இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றுவது நல்லது. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பா என்பதால், கிளட்ச் கசிவை அலட்சியப்படுத்தினால் பிரேக்குக்கும் வினை.

பாகங்களை மாட்டியபின் ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டர் பக்கமுள்ள நிப்பிளைத் திறப்பார். குமிழியோடு ஆயில் வெளியேறியதும் நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முன்னால் விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெயிண்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் உரிந்துவிடும்.

கடைசியாக, பெடலை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் புஷ் ராடு. பெடலின் மேல்பகுதியில் துளி விளையாட்டு இருக்க வேண்டும். அதுவும் இல்லாமல் இறுக்கி வைத்தால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் வழி அடைபடும். சூட்டில் விரியும் ஆயில் கிளட்சை லேசாக மிதித்தபடியே வைத்திருக்கும். ஏற்காடு ஏறும்போது இன்ஜின் உறுமியும் வண்டி நகர மறுத்தால், புதிய பிளேட்டைக் குறை சொல்வதற்கு முன் இந்த ராடின் நட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.