உப்புக்காற்றும் சூடேறும் சக்கரங்களும்

ஓடும் வாகனத்தை நிறுத்துவதென்பது அதன் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவதே ஆகும். நிறையாலும் வேகத்தாலும் வாகனம் பெற்றிருக்கும் இயக்கசக்தி அழிவதில்லை. பிரேக்கை மிதிக்கும்போது அது உராய்வின் வழியாக வெப்பமாகி, இரும்பில் ஏறி, பின்னர் காற்றில் கலக்கிறது. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் 1,200 கிலோகிராம் நிறையுள்ள காரை முற்றாக நிறுத்தும்போது ஏறத்தாழ 2,27,000 ஜூல் சக்தி இவ்வாறு மாறுகிறது. வேகம் பாதியாகக் குறைந்தால் இந்த அளவு கால்பங்காகிவிடும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் 25 தொன் லொறிக்கோ இது ஏறத்தாழ 35 இலட்சம் ஜூல், அதாவது காரினுடையதைப் போல் பதினைந்து மடங்கு. ஆகவே பயணம் முடிந்த வாகனத்தின் சக்கரத்தில் சூடு இருப்பது பிழையன்று. அந்தச் சூடு அளவு கடப்பதும், ஆறாமல் தங்குவதும், ஒரு சக்கரத்தில் மட்டும் சேர்வதுமே ஆராயத்தக்கவை.

திருகோணமலைத் துறைமுகப் பகுதி இவ்வகையில் தனித்துக் கவனிக்கத்தக்கது. சீனக்குடாவின் மாவாலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் குதங்கள் ஆகியவற்றிலிருந்து புறப்படும் லொறிகளும் பௌசர்களும் கந்தளாய், ஹபறணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக அம்பேபுசை நோக்கிச் செல்லும் ஏ-6 வீதியையே பெரிதும் நம்பியிருக்கின்றன. கோணேசர் மலைக்கு ஏறும் வழியும் உவர்மலைச் சரிவும் போன்ற சில இடங்கள் நீங்கலாக மாவட்டத்து வீதிகள் பெரும்பாலும் சமதரையில் அமைந்திருப்பதால், மலைநாட்டில் பிரேக் சூடேறுவதற்குச் சொல்லப்படும் காரணம் இங்கு பொருந்துவதில்லை. இங்கு சக்கரத்தைச் சூடாக்குபவை பாரம், ஈரம், உப்பு என்னும் மூன்றுமேயாகும்.

காரின் முன்சக்கரங்களில் பெரும்பாலும் காணப்படுவது டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை, கலிப்பர் எனப்படும் பிடி, இரு பக்கமும் பேட் எனப்படும் உராய்வுப் பட்டைகளால் அழுத்துவதே அதன் செயல்முறை. பின்சக்கரங்களில் பலவற்றிலும் பெரும்பாலான லொறிகளிலும் டிரம் பிரேக் உள்ளது. அதில் சூக்கள் எனப்படும் வளைந்த உராய்வுக் கட்டைகள் வெளிநோக்கித் தள்ளப்பட்டு, மூடிய உருளையின் உட்சுவரோடு உராய்கின்றன. தட்டு காற்றில் திறந்திருப்பதால் விரைவில் ஆறுகிறது. டிரம்மோ வெப்பத்தை உள்ளே தேக்குவதோடு, சூடேறும்போது தானே விரிந்து சூக்களிலிருந்து விலகிவிடுகிறது. 1953ஆம் ஆண்டு பிரான்சின் லே மான்ஸ் 24 மணிநேர ஓட்டப்பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வெற்றிபெற்றதற்கு, டிரம்கள் சோர்ந்த இடத்திலும் தட்டுகள் சோராதிருந்தமை ஒரு முக்கிய காரணமாக அமைந்தது. எவ்வகையாயினும், பேட்டின் சேர்மானங்களைப் பிணைக்கும் பிசின் தன் தாங்குநிலையைக் கடந்து சூடானால் ஆவியை வெளியிட்டு உராய்வைக் குறைத்துவிடுவதால், மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுக்கும்.

வெப்பத்தின் இன்னொரு தாக்கம் பிரேக் ஒயிலில் நிகழ்கிறது. மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டொட் 3 எனக் குறிக்கப்படும் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காதிருக்க வேண்டும்; ஏறத்தாழ 3.7 சதவீத நீர் கலந்த நிலையில் அந்த எல்லை 140 பாகையாகத் தாழ்கிறது. டொட் 4 வகைக்கு இவ்வெல்லைகள் முறையே 230, 155 பாகைகளாகும். திரவம் அமுங்காது, ஆவியோ எளிதில் அமுங்கும். ஆகவே குழாயில் திரவம் கொதித்து ஆவியானதும் மிதி வலுவின்றித் தரைவரை இறங்கிவிடுகிறது. வாடைக்காலம் முழுவதும் கடலோர ஈரத்தில் நின்ற பழைய திரவத்தோடு ஒரு வாகனம் மலைநாட்டுக்குப் புறப்படும்போது இந்த ஆபத்து வெளிப்படும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டிக்கு இறங்கும் 1,500 கிலோகிராம் வாகனம் இழக்க வேண்டிய சக்தி ஏறத்தாழ இரண்டு கோடி ஜூல். 65 லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தவாறே இறங்கினால் முழுச்சுமையும் சக்கரங்களையே சேரும்.

உப்பின் வேலை மெதுவானது. கடற்காற்றில் வரும் உப்பு கலிப்பரின் வழுக்கு ஊசிகளிலும் பிஸ்டனிலும் ஹான்ட் பிரேக் கம்பியிலும் படிந்து துருவை வளர்ப்பதால், காலை எடுத்த பின்னும் பேட் தட்டைவிட்டு முழுமையாக விலகாது. அவ்வாறு இறுகிய பிரேக் ஓட்டம் முழுவதும் உராய்ந்துகொண்டே இருந்து, எரிபொருளை வீணாக்குவதோடு பேட்டையும் தட்டையும் தேய்க்கிறது. நிலாவெளி, குச்சவெளிக் கரையோரங்களில் நிறுத்தப்படும் வாகனங்களும், உப்புநீர் ஒழுகும் மீன் லொறிகளும் இதற்கு முதலில் ஆளாகக்கூடியவை. இலங்கையில் பரவலாக ஓடும் ஹைபிரிட் கார்களுக்கும் இந்த ஆபத்து உண்டு; அவை வேகத்தைக் குறைக்கும்போது சக்தியின் ஒரு பகுதியை மின்னாக்கி பற்றறியில் சேர்ப்பதால் உராய்வுப் பிரேக்குக்கு வேலை குறைகிறது, வேலையற்றிருக்கும் உறுப்பில் துரு விரைவாக ஏறுகிறது.

சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் சூடேறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பெயாரிங்காகும். உருளைகள் கிரீஸின் மெல்லிய படலத்தில் உருள்வதால் நல்ல பெயாரிங் இளஞ்சூட்டைத் தாண்டுவதில்லை. நட்டை அளவுக்கு மேல் இறுக்கினாலோ, கிரீஸ் வற்றினாலோ, வெள்ளநீரில் ஓட்டியபோது நீர் உட்புகுந்து கிரீஸைக் கெடுத்தாலோ உலோகம் உலோகத்தோடு உராயத் தொடங்கும். நெடுந்தூரம் ஓடிச் சூடான ஹப் திடீரென நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலுள்ள நீரை உறிஞ்சுவதால், தேய்ந்த ஒயில் சீல் உள்ள வண்டியை நீருக்குள் இறக்குவது கேடானது. வேகத்தோடு கூடும் இரைச்சலும், சக்கரத்தை உயர்த்தி அசைக்கும்போது தெரியும் ஆட்டமும் பெயாரிங் கெட்டதன் அடையாளங்கள்.

ரயரின் சூடு வேறு வகையானது. காற்றுக் குறைந்த ரயர், அல்லது அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய ரயர், ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக வளைந்து நிமிர்வதால் இறப்பரின் உள்ளேயே வெப்பம் பிறக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் காற்றின் வெப்பம் 35 பாகையைக் கடந்தாலும், பல நூறு பாகைக்கு ஏறக்கூடிய பிரேக் தட்டுக்கு அது பெரிய பொருட்டன்று. கொதிக்கும் தார்வீதியில் பாரத்தோடு ஓடும் ரயருக்கோ அதுவே வெடிப்புக்குக் காரணமாகலாம்.

எந்தச் சக்கரம் சூடாகிறது என்பதே காரணத்தை அறியும் வழி. பிரேக் பிடிக்கும்போது நிறை முன்னோக்கிச் சாய்வதால் இரு முன்சக்கரங்களும் பின்சக்கரங்களைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஒரு சக்கரம் மட்டும் எதிர்ப்பக்கச் சக்கரத்தைவிட மிகுந்து சுட்டால் கலிப்பர், பிரேக் குழாய், பெயாரிங் ஆகியவற்றுள் ஒன்றில் கோளாறு உண்டு. நான்கும் சுட்டால் மாஸ்ரர் சிலிண்டரையோ மிதியில் கால் வைத்தவாறே ஓட்டும் பழக்கத்தையோ ஐயுறலாம். பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் சிறிது தூரம் ஓடி நிறுத்தியபின், தொடாமல் அருகில் கைவைத்து ஒப்பிட்டாலே வேறுபாடு புலப்படும். புகையோ கருகல் நாற்றமோ எழும் சக்கரத்தில் குளிர்நீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தித் தானாக ஆறவிடுவதே முறை. எரிபொருள் ஏற்றிய பௌசருக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும்.

வாகனப் பராமரிப்பு பொதுவாக ஓடிய கிலோமீற்றரைக் கொண்டே நினைவுகூரப்படுகிறது. துருவும் ஈரமும் வண்டி ஓடும்போது மட்டுமன்றி நிற்கும்போதும் வேலை செய்வதால், துறைமுகக் கரையில் அந்தக் கணக்கு போதாது. குறைவாக ஓடிய வாகனமாயினும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவத்தை மாற்றுவதும், ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பாக மாரிமழை ஓய்ந்தபின், கலிப்பர் ஊசிகளைக் கழற்றித் துடைத்து அதற்குரிய கிரீஸ் இடுவதும், பெயாரிங்கைச் சோதிப்பதும் திருகோணமலை வாகனத்துக்கு ஓட்டமானியைப் பாராமல் செய்யவேண்டிய பணிகளாகும்.