மணலுக்குள் மறைந்திருக்கும் இறுக்கம்

திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள புல்மோட்டைக் கரையில் மணல் கறுத்துப் பாரமாக இருப்பதை நாம் அறிவோம். இல்மனைற், ரூற்றைல், சிர்கோன் ஆகிய கனிமங்கள் அங்கு செறிந்துள்ளன. இவற்றுள் சிர்கோன் விசித்திரமானது. கத்தியாலும் கீற முடியாத இக்கல், உள்ளிருந்து தானே வெடிக்கவும் கூடும்.

காரணம் என்ன?

சிர்கோன் உருவாகும்போதே சிறிதளவு யுரேனியமும் தோரியமும் அதனுள் சிக்கிவிடுகின்றன. அவற்றின் அணுக்கள் காலப்போக்கில் சிதைகின்றன. ஒவ்வொரு சிதைவும் துப்பாக்கி வெடிப்பது போன்றது. அல்பாத் துணிக்கை முன்னே பாய, எஞ்சிய கரு பின்னே உதைத்து, ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களை இடம்பெயர்க்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் பளிங்கு கண்ணாடி போலாகி வீங்குகிறது. முற்றாகச் சிதைந்த சிர்கோனின் கனவளவு ஏறத்தாழ 18 வீதம் கூடும். அடர்த்தி 4.7இலிருந்து 3.9 வரை இறங்கும், கடினமும் 7.5இலிருந்து 6 அளவுக்குக் குறையும்.

யுரேனியம் கல்லெங்கும் சமமாகப் பரவியிராது. வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக அமையும். யுரேனியம் கூடிய அடுக்கு அதிகம் வீங்க, குறைந்த அடுக்கு இழுபட்டு வெடிக்கிறது. மழையில் ஊறிப் பருத்த கதவு நிலையை நெருக்குவது போன்றதே இது.

இலங்கைக் கல் சொன்ன பாடம்

1955இல் ஹொலண்ட், கொட்பிறீட் ஆகியோர் இச்சிதைவை ஆராய எடுத்துக்கொண்டவை இலங்கைச் சிர்கோன் கற்களே. 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மற்றோர் இலங்கைக் கல்லைச் சோதித்தபோது, வெடிப்புகள் ஒழுங்கான அடுக்குகளில் ஓடி, கண்ணாடியாய்ச் சிதைந்த அடுக்கை எட்டியதும் நின்றுவிட்டதைக் கண்டனர். பலவீனமான அடுக்கே வெடிப்புக்கு அணையாகிவிட்டது!

சூடாக்கினால் அணுக்கள் மீண்டும் ஒழுங்காகும். அடர்த்தியும் பெருமளவு திரும்பும். ஆனால் நிறத்துக்காகச் சூடாக்கிய சிர்கோன் இரத்தினங்களின் விளிம்புகள் எளிதில் உதிரும். எனவே அவற்றை ஒன்றாகப் போட்டுக் குலுக்காமல், தனித்தனியே கடதாசியில் சுற்றி வைப்பது நல்லது.

கரைக்கு வந்த மணிகள் ஆற்றிலும் அலையிலும் உருண்டு மோதியவை. மிகச் சிதைந்தவை வழியிலேயே பொடியாகியிருக்கும். அந்த வகையில் கடலே முதற் பரிசோதகர்.

இம்மணல் நெடுங்காலமாகப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளது. ஓடுகளின் மினுக்கப் பூச்சுக்கும் வார்ப்பு அச்சுகளுக்கும் சிர்கோன் பயன்படுகிறது. மணியின் தரத்தை அறிந்தவனே அதற்கு நியாய விலை கேட்க முடியும். குச்சவெளி, புல்மோட்டைப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான மாணவர்கள் ஒரு சிட்டிகை மணலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கட்டும். எமது மண்ணைப் பற்றிய அறிவு அங்கிருந்து தொடங்கட்டும்.