வயிற்றுப் பயிற்சி முதலிலா, முடிவிலா?

செஞ்சிக் கோட்டையின் உட்பகுதியில், கல்யாண மஹாலுக்குச் சற்றுத் தொலைவில், உடற்பயிற்சிக் கூடம் என்று குறிக்கப்படும் பழங்கட்டடம் ஒன்று உண்டு. அங்கே வீரர்கள் எந்தப் பயிற்சியை முதலில் செய்தனர் என்பதற்குக் குறிப்பேதும் இல்லை. ஆனால் நம் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரில், குறிப்பாக ஜிம்முக்குச் செல்லும் இளைஞர்களும் முதுகுவலி தணிந்து மீண்டும் பயிற்சியைத் தொடங்குவோரும், இக்கேள்வியைத் தவறாமல் கேட்கின்றனர்: வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சியை மற்றப் பயிற்சிகளுக்கு முன்னர்ச் செய்வதா, பின்னர்ச் செய்வதா?

பெரும்பாலோருக்குப் பின்னர்ச் செய்வதே நல்லது. காரணம் எளியது. வயிற்றுத் தசைகள் முன்புறம் மட்டும் இருப்பவை அல்ல. பக்கவாட்டிலும் உள்ளாழத்திலும் படர்ந்து, முதுகுத் தசைகளோடு சேர்ந்து, முதுகுத்தண்டைச் சுற்றி ஓர் அரைக்கச்சைபோல் இறுகுகின்றன. எடையைத் தூக்கும்போதும், பஸ்கி போடும்போதும், ராஜகிரியின் படிகளில் ஏறி இறங்கும்போதும் இந்தக் கச்சைதான் இடுப்பைத் தாங்குகிறது. அதனை முதலிலேயே களைப்படையச் செய்துவிட்டுப் பாரத்தைத் தூக்கினால், தாங்க வேண்டிய நேரத்தில் அது தளர்ந்திருக்கும். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ராஜகிரியில் ஏறுவதைவிட இறங்கும்போதே கால் தடுமாறும் என்பதை ஏறியவர்கள் அறிவர். அந்நேரத்தில் உடலை நிலைநிறுத்துவதிலும் இத்தசைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

எனினும் தசையைக் களைப்படையச் செய்வது வேறு, எழுப்பிவிடுவது வேறு. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் மெல்ல நீட்டி மடக்குவதுபோன்ற இலேசான அசைவுகளை ஐந்தாறு முறை தொடக்கத்தில் செய்வது நன்மையே தரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்தப் பயிற்சி முதலில் வருகிறதோ அதுவே சிறப்பாக நடக்கும். கடைசியில் வருவதற்கு வலு குறைந்திருக்கும். ஆகவே அன்றைய நாளின் முதன்மை நோக்கம் வயிற்றுத் தசையே, மற்றவை இலேசான நடை மட்டுமே என்றால், முதலில் செய்வதிலும் பிழையில்லை. தண்டால் எடுத்து, கர்லாக்கட்டை சுற்றுபவர்களுக்கோ தனிப் பயிற்சி பெரிதாகத் தேவையில்லை. தண்டாலில் உடலை நேராக நிறுத்துவதும், கட்டையின் வீச்சைத் தாங்குவதும் வயிற்றுத் தசைகளின் வேலைதான்.

'பயிற்சி' என்றவுடன் நாம் ஜிம்மை மட்டுமே நினைக்கிறோம். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு அந்த வேலையே அன்றைய கடும்பயிற்சி. அவர் விடியற்காலையில் ஐம்பது சிட்-அப் எடுத்துவிட்டு மூட்டைக்குத் தோள் கொடுப்பது விரும்பத்தக்கதன்று. களை பறிக்கச் செல்லும் பெண்களுக்கும், தண்ணீர்க் குடம் சுமப்போருக்கும் இதுவே பொருந்தும். வேலை முடித்து, இளைப்பாறிய பின்னர்ச் செய்யலாம்.

விடியற்காலை என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் இரவில் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். எழுந்தவுடன் இடுப்பை மடக்கினால் அவற்றின்மீது விழும் அழுத்தம் மிகுதி. நாட்பட்ட இடுப்புவலி உள்ளோரிடம் 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், காலை நேரத்தில் இடுப்பை வளைத்துக் குனிவதைக் கட்டுப்படுத்தியபோது வலி குறைந்தது. எழுந்து ஒரு மணி நேரமேனும் நடமாடிய பிறகு பயிற்சி செய்வது நல்லது.

சிட்-அப் பயிற்சியையே மாற்றிக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் அளந்தபடி, ஒவ்வொரு சிட்-அப்பிலும் முதுகுத்தண்டின்மீது ஏறத்தாழ 3,300 நியூட்டன் அழுத்தம் விழுகிறது. 330 கிலோ எடை அழுத்துவதற்கு இது சமம். மாற்றாக அவர் சொல்வது இது: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரு கைகளையும் இடுப்பின் வளைவுக்கு அடியில் வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் சிறிதே உயர்த்தி, சில நொடிகள் நிறுத்தி இறக்குவது. மூச்சை அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளோர் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். மூச்சடக்கி முக்கும்போது அழுத்தம் சட்டென்று உயரும்.

தொப்பை கரையுமா என்றும் கேட்கின்றனர். கரையாது. 24 பேரிடம் ஆறு வாரங்கள் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், வயிற்றுப் பயிற்சியால் தசையின் தாங்குதிறன் கூடியது. வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை.

முன்னரா பின்னரா என்னும் கேள்வியே எழக்கூடாதவர்களும் உண்டு. குடலிறக்கம் உள்ளோர், வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆனோர், சிசேரியன் ஆன தாய்மார் ஆகியோர் மருத்துவர் சொல்லும்வரை இப்பயிற்சிகளைத் தொடங்கலாகாது. எலும்பு மெலிவு நோய் உள்ள முதிய பெண்கள் முன்புறமாக முதுகை வளைக்கும் பயிற்சியை அறவே தவிர்க்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1984-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அவ்வாறு வளைத்துப் பயிற்சி செய்த பெண்களுள் 89 விழுக்காட்டினருக்கு முள்ளெலும்பு முறிவு கூடியிருந்தது. முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தோரிடம் அது 16 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், ஆயினும் எச்சரிக்கை பெரிது.

இத்தகையோர் தம்மை அறியாமலே நாள்தோறும் ஒரு சிட்-அப் எடுத்துவிடுகின்றனர்: படுக்கையிலிருந்து நேராக எழுவதுதான் அது. உடனிருப்போர் அன்பின் மிகுதியால் இரு கைகளையும் பற்றி இழுத்து எழுப்புவதும் உண்டு. தையல் போட்ட வயிற்றுக்கு இரண்டுமே கேடு. முதலில் நோயாளியின் முழங்கால்களை மடக்கச் செய்யுங்கள். தோளும் இடுப்பும் ஒருசேரத் திரும்புமாறு ஒருக்களித்துப் படுக்க உதவுங்கள். கால்களைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கீழ்ப்பக்க முழங்கையையும் மேல்கையையும் ஊன்றி அவரே எழட்டும். உங்கள் கை அவருடைய தோளுக்குப் பின்னால் துணையாக இருந்தால் போதும். இருமல் வந்தால் தையலின்மீது ஒரு தலையணையை வைத்து அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுந்து அமர்ந்தவுடன் நடக்க விடாதீர்கள். ஒரு நிமிடம் கட்டிலிலேயே அமர்ந்திருக்கட்டும். தலைசுற்றல் இல்லையென்று கேட்டறிந்த பிறகு கையைக் கொடுங்கள்.