ஆவணி மாதத்து மழை ஏடு



வானொலியில் வானிலை அறிக்கை வாசிக்கப்படும்பொழுது, ஆவணி மாதத்தில் மன்னார் என்னும் பெயர் வந்தால் அதன்பின் என்ன வரும் என்பதை எங்கள் ஊரில் சிறு பிள்ளைகளும் அறிவர். மழை இல்லை, காற்றுப் பலமாக வீசும். இவ்விரு செய்திகளும் நாள்தோறும் ஒரே மாதிரி ஒலிப்பதனால், அம்மாதத்தில் வானிலையை ஏட்டில் பதிவதே வீண்வேலை என எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கி வடக்கே செல்லும் பெருந்தெருவில் உள்ளது இலுப்பைக்கடவை. மேற்கே பாக்குக் கடல், கிழக்கே வயலும் காடும், அருகே பாலியாறு. அங்கு ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராக இருக்கின்றேன். நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் கற்பித்தவன் அல்லன். எனினும் பாடசாலை வளவில் ஒரு மழைமானி இருப்பதனால், அதன் ஏட்டைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் முழுமையான அவதானிப்பு நிலையம் மன்னாரில் இருக்கின்றது. எங்களிடம் இருப்பது ஒரு புனலும், ஒரு பாத்திரமும், கோடு கீறிய ஒரு கண்ணாடிக் குழாயும் மாத்திரமே.

முதலில் மன்னார் நிலையத்தின் கருவிகளை நோக்குவோம். புல்வெளியின் நடுவே, கால்களின்மேல் நிறுத்திய வெண்ணிறப் பெட்டியொன்று இருக்கும். அதன் சுவர்கள் சாய்வான மரச்சட்டங்களால் ஆனவை. காற்று உள்ளே உலாவும், வெயில் உட்புகாது. இதற்கு ஸ்டீவன்சன் திரை என்று பெயர். இதனை அமைத்த தோமஸ் ஸ்டீவன்சன் ஸ்கொத்லாந்தில் கலங்கரை விளக்கங்களைக் கட்டிய பொறியியலாளர். ‘புதையல் தீவு’ என்ற கதையை எழுதிய ஆசிரியர் இவருடைய மகன்தான். மகன் எழுதிய நூலை எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். தந்தை செய்த பெட்டியோ உலகமெங்கும் தினந்தோறும் திறந்து மூடப்படுகிறது. அதனுள்ளே உயர்வு வெப்பமானி, இழிவு வெப்பமானி, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஆகியவை இருக்கும். இன்று பல நிலையங்களில் தானியங்கிக் கருவிகளும் இவற்றோடு சேர்ந்து இயங்குகின்றன. மழை நாளானது நள்ளிரவில் முடிவதில்லை. காலை எட்டரை மணிக்கு அளப்பது முந்திய இருபத்துநான்கு மணி நேரத்து மழையாகும்.

ஆவணி மாத ஏட்டில் வெப்பநிலையை நோக்கினால் பெரிய வேறுபாடு எதுவும் தென்படாது. பகலில் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு பாகை செல்சியசு. இரவில் இருபத்தாறு, இருபத்தேழு. கடலும் காற்றும் சேர்ந்து பகலை மிகவும் காயவும் விடுவதில்லை, இரவை மிகவும் குளிரவும் விடுவதில்லை. காற்றுக்குரிய நிரலோ நிரம்பி வழியும். வைகாசியில் தொடங்கும் சோளகம் புரட்டாதி வரை ஓய்வதில்லை. மன்னார்த் தீவின் தென்கரையில், 2020 ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கிய காற்றாலையின் முப்பது சுழலிகளும் நிறுவப்பட்டமைக்கு இக்காற்றே காரணம். மழை நிரலில் பூச்சியங்கள் வரிசையாக நிற்கும்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. அதே தென்மேல் பருவக்காற்றுத்தானே இரத்தினபுரியில் அடைமழையாகக் கொட்டுகிறது? கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டுதானே நம்மிடமும் வருகிறது? ஆம். ஆனால் ஈரம் காற்றில் இருப்பது மாத்திரம் மழைக்குப் போதாது. அக்காற்று மேலெழ வேண்டும். மேலெழுந்தால்தான் அது குளிரும். குளிர்ந்தால்தான் ஈரம் திரண்டு நீர்த்துளியாகும். இரத்தினபுரிக்குப் பின்னால் மத்திய மலைநாடு நின்று காற்றை மேலே ஏற்றிவிடுகிறது. மன்னாரிலோ காற்றை மறிக்க ஒரு குன்றுதானும் இல்லை. வந்த காற்று வந்தவாறே தட்டை நிலத்தின்மேல் ஓடிக் கடந்துவிடுகிறது. கடலுக்கு அப்பால் இராமநாதபுரத்துக் கரைக்கும் இம்மாதங்களில் ஏறக்குறைய இதே நிலைதான். ஆண்டொன்றுக்கு நமக்குக் கிடைக்கும் ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களில் பெய்து தீர்ந்துவிடும்.

இனி எங்கள் பாடசாலை ஏட்டிற்கு வருகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் விடுமுறைக் காலத்தில் மழைமானியை அளக்கும் பொறுப்பை உயர் வகுப்பு மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்திருந்தேன். கெட்டிக்காரப் பையன், எழுத்தும் அழகானது. விடுமுறை முடிந்து நான் ஏட்டைத் திறந்தபொழுது ஆறு நாட்களுக்கு நேராக ஆறு பூச்சியங்கள், ஒரே மையில், ஒரே சாய்வில், மணி கோத்தாற்போல நின்றன. ஐயம் எழவே மழைமானியைத் திறந்து பார்த்தேன். பாத்திரத்தில் நீர் இருந்தது. குழாயில் ஊற்றியபொழுது நாலைந்து மில்லிமீற்றர் காட்டியது. பையனை அழைத்துக் கேட்டேன்.

“ஆவணியில் மழை எப்படிச் சேர் வரும்? வராது என்று தெரிந்துதான் முன்னதாகவே எழுதிவிட்டேன்” என்றான்.

அவன் பொய் சொல்லும் நோக்கத்தோடு எழுதவில்லை. மழை வராது என்று அவனுடைய தந்தையும் சொல்லியிருப்பார்; நானும் வகுப்பில் சொல்லியிருக்கின்றேன். அவன் எழுதியது எங்கள் எல்லோருடைய நம்பிக்கையை. பாத்திரத்தில் இருந்ததை அன்று. ஏதோ ஓர் இரவில், காற்றுச் சற்று ஓய்ந்த வேளையில், ஒரு சிறு மழை பெய்து போயிருக்கிறது. எந்த இரவு என்பது இனி எவருக்கும் தெரியாது. ஏட்டில் சுரண்டி அழிக்க நான் விடவில்லை. ஆறு பூச்சியங்களையும் ஒரே கோட்டினால் வெட்டி, ஆறு நாட்களுக்கும் சேர்த்து அளந்த தொகை என்று பக்கத்தில் குறித்துக் கையொப்பமிட்டோம்.

பார்த்து எழுதிய பூச்சியம் வேறு. பாராது எழுதிய பூச்சியம் வேறு. முன்னது ஓர் அளவு. ‘இந்த நாளில் பாத்திரத்தைத் திறந்தேன், அதில் நீர் இல்லை’ என்று ஒரு மனிதர் தரும் சாட்சி. பின்னது வெறும் வட்டம். அளக்க முடியாத அளவு சிறிய தூறலுக்குக்கூட வானிலை நிலையங்களில் தனியாக ஒரு குறி இடுகிறார்கள். அதனைப் பூச்சியத்தோடு கலப்பதில்லை. அவ்வாறே அளக்கப்படாத நாளுக்கு நேரே வெற்றிடம் விடுவதுதான் முறை. 2008 ஆம் ஆண்டில் போரினால் எங்கள் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபொழுது ஏட்டைப் பேணுவார் இருக்கவில்லை. அந்தக் காலத்துக்குச் சராசரியைப் போட்டு நிரப்பலாம் என்று ஒரு நண்பர் ஆலோசனை கூறினார். நான் உடன்படவில்லை. அவ்விடம் வெறுமையாகவே இருக்கின்றது. அந்த வெறுமையும் ஊரின் வரலாற்றைச் சேர்ந்ததுதான்.

நாலு மில்லிமீற்றர் மழைக்காக இத்தனை பேச்சா என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர் நீர். ஓர் ஏக்கரில் அது ஏறத்தாழ நாலாயிரம் லீற்றர். இக்கணக்கை மறுபுறமாகத் திருப்பினால்தான் ஆவணியின் உண்மையான கதை விளங்கும். வானம் நீர் தராத இம்மாதத்தில், காற்று நீரைக் கொண்டுபோகிறது. பெரிய நிலையங்களில் அகன்ற உலோகத் தட்டமொன்றில் நீர் நிரப்பி, அது நாளுக்கு நாள் எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். ஒரு குளத்தின் நீர்மட்டம் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் குறைவதாக வைத்துக்கொள்வோம். ஐம்பது ஏக்கர் நீர்ப்பரப்பில் இருந்து தினமும் பத்து இலட்சம் லீற்றர், துருசைத் திறவாமலே போய்விடும். மாத முடிவில் அரையடி நீர் இல்லாமற் போயிருக்கும். ஆழங்குறைந்த எங்கள் சிறு குளங்களுக்கு அரையடி என்பது அற்பமன்று. மாடுகள் குடிப்பதும், குளத்தருகே உள்ள கிணறுகளின் ஊற்று ஓடுவதும் அந்த அரையடியில் தங்கியிருக்கின்றன.

ஆவணி கழிந்து புரட்டாதி பிறந்ததும் சோளகம் தளரும். நிலம் காய்ந்து, வெப்பக் காற்று நேரே மேலெழுந்து, பிற்பகலில் இடியோடு மழை பெய்யும். இது மேற்காவுகை மழை. ஓர் ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் புழுதி பறக்கும். மன்னார் நிலையம் இருபது மில்லிமீற்றர் அளந்த நாளில் இலுப்பைக்கடவையில் பாத்திரம் காய்ந்து கிடக்கலாம், மறுதலையாகவும் நிகழலாம். வானொலியில் மன்னாருக்கு மழை என்று கேட்டு மாத்திரம் எங்கள் விவசாயி விதைநெல்லை எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

காலபோகத்திற்குப் புழுதியில் விதைப்போருக்கு இது வாழ்வுப் பிரச்சினை. எங்கள் ஊரில் ஒருவர் முதல் மழையைக் கண்டதும் கடன்பட்டு வாங்கிய விதையை எறிந்தார். முளை வந்தது. பின்னர் இரண்டு வாரம் வானம் திரும்பிப் பார்க்கவில்லை. முளைத்தவை கருகின, மறு விதைப்புக்கு மறு கடன். அடுத்த ஆண்டு அவர் பாடசாலைக்கு வந்து, “ஏட்டைக் கொஞ்சம் காட்டுங்கோ அதிபர்” என்றார். முந்திய ஆண்டுகளின் புரட்டாதிப் பக்கங்களை இருவரும் விரித்து, முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே எத்தனை பூச்சியங்கள் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்தோம். சில ஆண்டுகளில் மூன்று, நாலு. சில ஆண்டுகளில் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. அவற்றுள் ஒவ்வொன்றையும் யாரேனும் ஒரு பிள்ளை பார்த்துத்தான் எழுதியதா என்று அவர் என்னைக் கேட்டார். வெட்டப்பட்ட அந்த ஆறு பூச்சியங்களின் பக்கத்தையும் அவருக்குக் காட்டினேன்.

அவர் அவ்வாண்டு முதல் மழைக்கு விதைக்கவில்லை. மழை பெய்த மறுநாட் காலை மண்வெட்டியால் வயலைக் கிளறி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, எட்டரை மணிக்குப் பாடசாலை வாயிலில் வந்து நின்றார். மழைமானியைத் திறக்க அந்தக் கிழமைக்குரிய மாணவி இன்னும் வந்திருக்கவில்லை, இருவரும் காத்திருந்தோம்.