ஏணியில் நீங்கள் எந்தப் படி?

ஓர் ஏணியை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அடிப்படி 0, உச்சிப்படி 10. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். இன்று நீங்கள் நிற்பது எந்தப் படியில்?

அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கேள்வி இது. கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் இதை நாட்டுக்குச் சுமார் 1,000 பேரிடம் கேட்கிறது. 2018 முதல் பின்லாந்தை முதலிடத்தில் வைத்துவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை இந்தப் பதில்களின் சராசரியை வைத்தே நாடுகளை வரிசைப்படுத்துகிறது.

ஒருவர் சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? உளவியலாளர் எட் டீனரும் சக ஆய்வாளர்களும் 1985இல் ஒரே கேள்விக்குப் பதிலாக வாழ்க்கைத் திருப்தி பற்றிய ஐந்து வாசகங்களைத் தந்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடச் சொன்னார்கள். ஒரு வாசகத்தில் தடுமாறினாலும் மற்ற நான்கும் தாங்கிப் பிடிக்கும். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதும் பதில்கள் பெரிதும் ஒத்துப்போயின. ஒற்றைக் கேள்வியில் ஆட்டம் அதிகம். ஆனாலும் ஆயிரம் பேரைக் கேட்கும்போது ஒருவர் கூட்டிச் சொன்னதும் இன்னொருவர் குறைத்துச் சொன்னதும் கழிந்துபோகும்.

எல்லோரையும் ஒரே பக்கம் சாய்க்கும் பிழை அப்படிக் கழியாது. அதுதான் உண்மையான ஆபத்து. தட்டுக்கடியில் புளியை ஒட்டிய தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் எடை சரிவராது.

காலப் நிறுவனம் 2008 ஜனவரி முதல் நாள்தோறும் சுமார் 1,000 அமெரிக்கர்களைத் தொலைபேசியில் கேட்டுவந்தது. பொருளாதார நெருக்கடியின் தாக்கத்தை அறிய அந்தத் தரவை ஆராய்ந்த பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனின் கண்ணில் வேறொன்று பட்டது. நாடு போகும் போக்கைப் பற்றிய அரசியல் கேள்விகள் முதலில் வந்தால், அடுத்து வரும் ஏணிக் கேள்விக்கான சராசரி அரைப் படிக்கும் மேல் இறங்கியது. 2009இல் பாதிப் பேரிடம் அரசியலை விட்டுவிட்டுக் கேட்டபோது இது உறுதியானது. நாட்டின் மேலிருந்த சலிப்பு சொந்த வாழ்க்கையின் கணக்கில் ஏறிவிட்டது! வேலையிழப்பு போன்ற பேரிடிகள் உண்டாக்கும் இறக்கத்தோடு ஒப்பிடத்தக்க அளவு இது.

பதில்களின் மீது வானிலையின் தாக்கம் அவ்வளவு வலுவானதல்ல. வெயிலடிக்கும் நாளில் திருப்தி கூடுகிறது என்று 1983இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. கிட்டத்தட்ட பத்து லட்சம் அமெரிக்கர்களின் பதில்களை வைத்து 2013இல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட விளைவு ஏறக்குறைய இல்லை.

திருப்திக் கேள்வியைப் படிவத்தின் தொடக்கத்திலேயே வையுங்கள், வாசகத்தை ஆண்டுக்காண்டு மாற்றாதீர்கள் என்று பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சிக்கான ஓஇசிடி அமைப்பு 2013இல் வழிகாட்டியது, கேட்கும் முறையே பதிலைச் சாய்த்துவிடக்கூடும் என்பதால்தான். அடுத்த முறை மகிழ்ச்சிப் பட்டியல் ஒன்று கண்ணில் பட்டால், எத்தனை பேரிடம் கேட்டார்கள், என்ன வாசகத்தில் கேட்டார்கள், அதற்கு முந்தைய கேள்வி என்ன என்று பாருங்கள். இவற்றைச் சொல்லாத பட்டியலை நம்ப வேண்டாம்.