பாலைவனப் பஸ்ஸும் பரோபகாரமும்

பிறர் துயர் துடைத்தற்குப் பொருள் வேண்டுமென்பதும், அப்பொருளை உடையாரிடத்துச் சென்று கேட்டல் எளிதன்றென்பதும் யாவரும் அறிந்தனவே. கேட்பவன் தன் பங்கிற்கு யாதேனும் ஒரு சிரமத்தை மேற்கொள்வானாயின், கொடுப்பவன் மனம் விரைவில் இளகும். இதுபற்றியே, ‘இத்தனை மைல் நடப்பேன், மைல் ஒன்றுக்கு இவ்வளவு தருக’ என்று நண்பர்பால் உடன்பாடு செய்துகொண்டு நடந்து, வந்த பணத்தை வைத்தியசாலைகளுக்கும் அநாதைச் சாலைகளுக்கும் அளிக்கும் வழக்கம் மேனாடுகளில் வேரூன்றிற்று. அவ்வழக்கத்திற்கு ஓர் இளைய தம்பி இந்நூற்றாண்டில் பிறந்துளது. காலால் நடவாது, கையால் வீடியோ விளையாட்டொன்றை இராப்பகலாய் ஆடி, அதனை இணைய வழியே உலகோர் அப்பொழுதைக்கப்பொழுதே காணுமாறு ஒளிபரப்பி, காண்போரிடம் நன்கொடை பெறுதலே அது. நெடுந்தூர ஓட்டத்தின் பெயரையே இதற்கும் இட்டு, விளையாட்டு மராத்தான் என வழங்குவர். விளையாட்டு எங்ஙனம் தருமமாகும் என்று ஐயுறுவார் நம் கலாசாலையிலும் உளராதலின், இதன் இயல்பையும் பயனையும் ஓர் உதாரணங் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒளிபரப்பின் முறையைச் சுருங்கக் கூறுவோம். ஆடுபவர் காணும் விளையாட்டுத் திரையின் படமும், சிறு காமிராவொன்று பிடிக்கும் அவர்தம் முகமும், அவர் பேசும் பேச்சும் ஒரு கணினியிலே ஒன்று சேர்க்கப்படுகின்றன. அக்கணினி அவற்றை இடைவிடாது சுருக்கிச் சிறிதாக்கி, ஒளிபரப்பு நிறுவனத்தின் பெருங்கணினிகளுக்கு அனுப்புகின்றது. அங்கிருந்து, பார்க்க விரும்புவார் யாவர்க்கும் பிரதி பிரதியாகப் பிரிந்து செல்கின்றது. இவையெல்லாம் நிகழச் சில விநாடிகளே செல்லும். படத்தின் பக்கத்திலே பார்ப்பவர் தம் கருத்தை எழுதுதற்கு இடமுண்டு; அவர் எழுதியதை ஆடுபவர் உடனே வாசித்து மறுமொழி கூறலாம். ரேடியோவைக் கேட்பவன் கேட்பவனாகவே நின்று விடுகின்றான்; இங்கோ, பார்ப்பவன் சபையுள் ஒருவனாகின்றான். மேலும், சேர்ந்த நன்கொடையின் தொகை திரையிலே எல்லாருங் காணத் தோன்றும். ஒருவர் பணம் அனுப்பிய சிறிது பொழுதிற்குள் அவ்வெண் உயர்வதைத் தம் கண்ணாலேயே காண்பர். இவ்விரண்டும் இம்முயற்சிக்கு உயிர்நாடியென்பது பின்னர் விளங்கும்.

நிற்க. யாம் எடுத்துக்கொண்ட உதாரணம், கனடா தேசத்துப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தலைநகராகிய விக்டோரியாவில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய ‘டெசர்ட் பஸ் ஃபார் ஹோப்’ என்பது. டெசர்ட் பஸ் என்பது பாலைவனப் பஸ் எனப் பொருள்படும் ஒரு விளையாட்டின் பெயர். அவ்விளையாட்டின் வரலாறே விநோதமானது.

1993ஆம் ஆண்டில் அமெரிக்க செனட் சபையார் வீடியோ விளையாட்டுக்களிலுள்ள வன்செயல்களைக் குறித்து விசாரணை நடத்தினர். இவை சிறுவரைக் கெடுக்கும் என்ற கூக்குரல் அக்காலத்தில் எங்கும் எழுந்தது. பென், டெல்லர் என்னும் இரு அமெரிக்கச் செப்படி வித்தைக்காரர், அக்கூக்குரலை நகையாடக் கருதி, எவர்க்கும் எவ்வகைத் தீங்கும் விளையாத, மெய்வாழ்வை முற்றும் ஒத்த விளையாட்டொன்றைத் தம் பெயரால் வெளிவரவிருந்த தொகுதியிலே சேர்த்தனர். அதிலே ஆடுபவன் அரிஜோனாவிலுள்ள டூசான் நகரினின்று நெவாடாவிலுள்ள லாஸ் வேகஸ் நகருக்கு ஒரு பஸ்ஸை ஓட்டிச் செல்ல வேண்டும். தூரம் 360 மைல். பஸ்ஸின் உச்ச வேகம் மணிக்கு 45 மைல். ஆகவே போய்ச் சேர 8 மணி நேரம். கதையில் வரும் 8 மணியன்று, கடிகாரத்து 8 மணி. வழியிலே எதிர்வரும் வண்டியில்லை, பஸ்ஸிலே பிரயாணிகள் இல்லை, வளைவில்லை, இருமருங்கும் மணலும் முட்செடியுமே. இடையில் நிறுத்தி இளைப்பாறவும் வழியில்லை. கருவியைக் கட்டி வைத்துவிட்டு உறங்கலாமெனின், பஸ் ஓயாது வலப்பக்கம் சிறிதே சாயுமாறு அமைத்துள்ளனராதலின் அதுவும் இயலாது. கவனம் தப்பிச் சாலையை விட்டு இறங்கினால் பஸ் பழுதாகிவிடும். அதனை மற்றொரு வண்டி டூசானுக்கே இழுத்துச் செல்லும். அதற்கும் கடிகாரத்து நேரமே செல்லும். இவ்வளவு பாடுபட்டு லாஸ் வேகஸ் அடைந்தவனுக்குக் கிடைக்கும் பரிசு யாதெனின், ஒரே ஒரு புள்ளி! பின்னர், திரும்பி ஓட்ட விருப்பமுண்டோ என்று விளையாட்டு வினவும்.

இத்தொகுதி 1995ஆம் ஆண்டளவில் முடிவுபெற்றும், வெளியிடவிருந்த நிறுவனம் நொடித்துப் போனமையால் கடைகளுக்கு வரவேயில்லை. சுமார் பத்தாண்டு கழித்து, எஞ்சியிருந்த பிரதியொன்றிலிருந்து இணையத்திலே பரவி, உலகத்தின் மிகச் சலிப்பான விளையாட்டு என்று பெயர் பெற்றது.

விக்டோரியா நகரில் கிரஹாம் ஸ்டார்க், பால் சாண்டர்ஸ் என்னும் இருவர் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய ‘லோடிங் ரெடி ரன்’ என்னும் நகைச்சுவைக் குழுவினர் இதனைக் கண்டனர். எவரும் ஒரு மணி நேரம் பொறுக்கமாட்டாத இவ்விளையாட்டை நாம் நாட்கணக்கில் ஆடிக் காட்டினால், அத்துன்பத்தைக் காணும் மக்கள் பணம் தாராரோ என்று எண்ணினர். 2007 நவம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கினர். திரண்ட நன்கொடையை ‘சைல்ட்ஸ் பிளே’ என்னும் தரும ஸ்தாபனத்திற்கு அளிப்பதாக அறிவித்தனர். அந்த ஸ்தாபனம், ‘பென்னி ஆர்கேட்’ என்னும் இணையச் சித்திரக் கதையின் ஆசிரியர்களாகிய ஜெர்ரி ஹோல்கின்ஸ், மைக் கிராஹூலிக் இருவரும் 2003ஆம் ஆண்டில் நிறுவியது. வைத்தியசாலைகளில் நெடுநாட் படுத்திருக்கும் குழந்தைகட்கு விளையாட்டுச் சாமான்களும் வீடியோ விளையாட்டுக்களும் கொடுத்து உதவுவது.

இனி, இம்முயற்சியின் நுட்பமான பகுதியாகிய கணக்கினைக் காண்போம். முதல் மணி நேரம் ஓட்டுவதற்கு விலை 1 டாலர். அடுத்த மணிக்கு அதனினும் நூற்றுக்கு 7 மிகுதி, அஃதாவது 1 டாலர் 7 சென்ட். அதற்கடுத்த மணிக்கு அதன்மேலும் நூற்றுக்கு 7. இங்ஙனம் வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல விலை ஏறிக்கொண்டே செல்லும். பார்ப்பவர் கொடுக்குந்தோறும் ஓட்டுபவர் ஓட்டியே தீர வேண்டும். கொடை நின்றால் ஓட்டமும் நிற்கும்.

இவ்வேற்பாட்டைக் கணித வகுப்பு மாணாக்கர் தாமே கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. முதல் நாள் 24 மணிக்கும் சேர்த்து வேண்டுவது ஏறக்குறைய 58 டாலரே. இரண்டு நாள் ஓட 353 டாலர். மூன்று நாளுக்கு 1,850. நான்கு நாளுக்கு 9,440. ஐந்து நாளுக்கு 48 ஆயிரம். ஆறு நாளுக்கு 2 லட்சத்து 43 ஆயிரம். முழு வாரம் ஓட வேண்டுமாயின் 12 லட்சத்து 34 ஆயிரம். விலை சுமார் 10 மணிக்கு ஒருமுறை இருமடங்காகின்றது. ஒரு நாளில் ஐந்து மடங்காகின்றது. இதனால் விளையும் நன்மை இரண்டு. தொடக்கத்திலே சிறு தொகை கொடுப்பவனும் ஒரு முழு மணியைத் தான் ஒருவனாகவே வாங்கிவிடலாம். ஆகவே ஏழையின் காசுக்கும் மதிப்புண்டு. முடிவிலோ, கொடை எவ்வளவு பெருகினும் ஓட்டுபவர் உடல் தாங்கும் அளவைக் கடந்து நேரம் நீளாது. கொடை பத்து மடங்காயினும் நேரம் 34 மணியே கூடும். 2007ஆம் ஆண்டில் சேர்ந்தது 22,805 டாலர். அதற்கு ஓடியது 108 மணி. 2020ஆம் ஆண்டில் சேர்ந்தது 10 லட்சம் டாலருக்கு மேல். அது முன்னையதைப்போல் நாற்பது மடங்கிற்கும் மிகுதி. எனினும் மேற்கூறிய கணக்கின்படி அதற்கு வேண்டுவது 165 மணியளவே. ஈகைக்கு எல்லையின்மையும் மனித உடலுக்கு எல்லையுண்மையும் ஒருங்கே போற்றிய ஒரு சூத்திரம் இது என்னலாம்.

ஆயினும், இத்துணைச் சலிப்பானதொன்றைப் பார்க்க மக்கள் ஏன் கூடுகின்றனர் என்ற வினா எழும். கூடுவது பஸ்ஸைப் பார்ப்பதற்கன்று. விறுவிறுப்பான விளையாட்டாயின் கண் அதிலேயே தங்கிவிடும், பேச்சுக்கு இடமிராது. பாலைவனச் சாலையிலோ ஒன்றுமில்லை. ஆதலால் ஓட்டுபவரும் சூழ இருப்பவரும் பேசுகின்றனர், பாடுகின்றனர், பார்ப்பவர் இடும் வேடிக்கையான கட்டளைகளை நிறைவேற்றி நன்கொடை பெறுகின்றனர். அன்பர்கள் தம் கையாற் பின்னியும் தைத்தும் செதுக்கியும் அனுப்பிய பொருள்களை ஏலம் விடுகின்றனர். நம் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று நடைபெறும் ஏலத்தைக் கண்டவர்க்கு இதன் தன்மை விளங்கும். அங்கே ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப்போற் பன்மடங்கிற்குப் போவது, வாங்குபவர் காயின் விலை அறியாமையாலன்று; எல்லார் முன்னிலையிலும் மகிழ்ந்து கொடுக்க அக்காய் ஒரு வாயிலாகின்றமையால். விக்டோரியாவில் ஒளிபரப்பாகும் பஸ்ஸும் அத்தகைய பூசணிக்காயே. வித்தைக்காரராகிய பென், டெல்லர் என்போரும் தம் நகைச்சுவை இவ்வாறு பயன்படுவதறிந்து நன்கொடை அளித்துள்ளனர்.

விளையாட்டு மராத்தான்கள் யாவும் இவ்வாறு மெல்லச் செல்வன அல்ல. 2010ஆம் ஆண்டு தொடங்கிய ‘கேம்ஸ் டன் குவிக்’ என்னும் நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. நெடுநாட் பயின்ற வல்லுநர் பலர், சாதாரணர்க்குப் பல நாள் பிடிக்கும் விளையாட்டுக்களை ஓரிரு மணியில் முடித்துக் காட்டுவர். 2020 ஜனவரியில் நிகழ்ந்ததில் மட்டும் புற்றுநோய்த் தடுப்புப் பணிக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அங்கே மக்களைக் கூட்டுவது திறமை, இங்கே பொறுமை. வழி வேறாயினும் சேரும் துறை ஒன்றே.

இனி, இவற்றைக் குறித்து அறிவுடையோர் கூறும் தடைகளை ஆராய்வோம். அவ்வளவு நேரம் உழைத்து ஈட்டிய பொருளையே கொடுத்துவிடலாமே என்பது ஒன்று. ஒரு சிலர் ஆறு நாள் கூலி வேலை செய்து ஈட்டுவது சில ஆயிரமே. அவர் ஒளிபரப்பால் திரட்டியதோ லட்சக்கணக்கு. அன்றியும், அப்பணத்தைக் கொடுத்தவர் பலர், கேளாதிருந்தால் கொடாதிருந்தவர்.

உறக்கமின்றி ஆடுதல் உடலுக்குக் கேடாம் என்பது மற்றொன்று. இது மெய்யான தடையே. தனியொருவர் தூங்காது இராப்பகல் ஆடுதலை யாம் ஒருபோதும் சிலாகியோம். டெசர்ட் பஸ் குழுவினர் இதனை உணர்ந்து, நாளை ஆறு ஆறு மணியாக நான்கு முறைகளாகப் பிரித்து, முறைக்கு ஒரு கூட்டத்தாராக மாறி மாறி இருக்குமாறு வகுத்துக்கொண்டனர். பஸ் உறங்காது; மனிதர் உறங்குவர். பணம் செவ்வனே சேருமோ என்பது மூன்றாவது தடை. கொடுப்பவர், தம் காசு ஆடுபவர் கையிற் செல்கின்றதோ, தரும ஸ்தாபனத்திற்கே செல்கின்றதோ என்று முன்னரே கேட்டறிதல் வேண்டும். கணக்கை மறைக்கும் முயற்சிக்கு, அதன் நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும், ஒரு காசும் அளித்தல் தகாது.

இவையெல்லாவற்றினும் ஆழ்ந்ததொரு பொருத்தம் இம்முயற்சியிலே அமைந்துள்ளதாக எமக்குத் தோன்றுகின்றது. நோயுற்ற குழந்தையொன்று வாரக்கணக்கில் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்து மேற்கூரையை நோக்கியிருப்பதை எண்ணிப் பாருங்கள். அதற்கு நோவு சில பொழுதே, சலிப்போ எப்பொழுதும். அக்குழந்தையின் முன் விரிந்து கிடப்பதும் வளைவற்ற, வழித்துணையற்ற ஒரு பாலைவனச் சாலையே. இடையில் நிறுத்தும் உரிமை அதற்குமில்லை. பஸ் ஓட்டுபவர் தாமே விரும்பிச் சலிப்பை ஏற்கின்றனர். விரும்பாது சலிப்பை ஏற்ற குழந்தையின் கையில் அதனாலே ஒரு விளையாட்டுப் பொருள் வந்து சேர்கின்றது. பயனற்றதென நகைக்கப்பட்ட ஒன்றே இவ்வாறு பயனுடைத்தாயிற்று.

நம் மாணாக்கருள் வீடியோ விளையாட்டு ஆடாதார் சிலரே. ஆடற்க என்று கூறுதல் எம் கருத்தன்று. பாடத்தை மறந்து ஆடுக என்று கூறுதலும் அன்று. வீணாகக் கழிவதென நாம் கருதும் பொழுதும், நண்பர் பலர் கூடி, முறை வகுத்து, கணக்குத் தெளிவாக வைத்து, ஒரு நற்பணியை முன்னிட்டுச் செலவிடும்போது பொன்னாகும் என்பதே யாம் சொல்ல விழைந்தது. 2007 முதல் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்திலே அந்தப் பஸ் டூசானை விட்டுப் புறப்படுகின்றது. அடுத்த முறை அது புறப்படும்போது, நம்மவருள்ளும் சிலர் சிறிது பொழுது அதனைப் பார்த்து, இத்தகையதொன்றை நம் ஊர் வைத்தியசாலைக் குழந்தைகட்காக நாம் நடத்துதற்கு எத்தனை பேர் வேண்டும், எத்தனை மணி வேண்டும் என்று எண்ணத் தொடங்குவராயின், இவ்வியாசம் எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.