மண் பரிசோதனையும் பசளையிடுதலும்

நோயறியாது மருந்தீதல் தகாது. மண்ணறியாது பசளையிடுதலும் அத்தகையதே. ஆயினும் அயலவர் இட்ட அளவையே நாமும் இட்டு வருகின்றோம்.

பத்துப் பரப்புத் தோட்டத்துக்காக ஆய்வுகூடத்திற் பேசுவது அரைக் கிலோ மண்ணே. அதனை எடுக்கும் முறை பிழைப்பின் முடிவும் பிழைக்கும். செம்மண்ணும் மணலும், மேடும் பள்ளமும் உளவாயின் மாதிரிகளும் வெவ்வேறாதல் வேண்டும். வரம்போரம், எருக் குவித்த இடம், மரநிழல், அண்மையிற் பசளையிட்ட இடம் ஆகியவற்றை விலக்குதல் வேண்டும். வளைந்து வளைந்து நடந்து, 15 முதல் 20 இடங்களிற் சருகை நீக்கி, 6 அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே கனத்திற் சீவியெடுத்தல் வேண்டும். எல்லாவற்றையும் தூய வாளியிற் கலந்து பரப்பி, நாற்கூறாக்கி, எதிரெதிரான இரு கூறுகளை நீக்குக. அரைக் கிலோ எஞ்சும்வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்தி, இடமும் பயிரும் குறித்து அனுப்புக. பசளை வந்த சாக்கில் இம்மண்ணை இடலாகாது.

யாழ்ப்பாணத்தில் இது வருவாயோடு முடியும் காரியமன்று. நமது செம்மண்ணின் கீழுள்ளது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புக்களிலேயே நமது குடிநீர் தங்குகின்றது. வெங்காயத்தின் குறுவேர் உண்ணாதுவிட்ட நைதரசன் நைத்திரேற்றாகி, மழையோடும் இறைப்போடும் கிணற்றையடைகின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்தமை ஆய்வுகளிற் கண்டதாகும். கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அது குன்றச் செய்யும். நீரைக் கொதிக்கவைப்பினும் நீங்காது.

ஆதலின், தோட்டமுடைய பழைய மாணவர் அடுத்த போகத்துக்குப் பசளை வாங்குமுன் மண்ணை அனுப்புவாராக. வேண்டிய அளவறிந்து பகுதி பகுதியாக இடுவோர் பயிரையும் காப்பர்; கிணற்றையும் காப்பர்.